மணம் வேறு, காரம் வேறு: கெவூர்ட்ஸ்ட்ராமினரை வாங்கிப் பரிமாறும் முறை

ஆங்கிலத்தில் ‘ஸ்பைசி’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் கமழும் குருமாவும் ஸ்பைசிதான், சிலி பாடி என்னும் சிறு மிளகாயை இடித்துச் செய்த சம்பலும் ஸ்பைசிதான். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. மசாலாவின் மணத்தை ஒரு சொல்லாலும் மிளகாயின் காரத்தை வேறொரு சொல்லாலும் குறிக்கிறோம். கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்னும் வெள்ளை வைனைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு ஒன்றே பாதி வழி துணை வரும். பினாங்கில் வைன் கடைக்குப் போய், வீட்டில் கறிச் சாப்பாடு என்று சொன்னால், ‘ஸ்பைசி உணவுக்கு இதுதான் பொருத்தம்’ என்று பெரும்பாலும் இந்தப் போத்தலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அதை நம்பி வாங்கிப்போய் மீன்தலைக் கறியோடு குடித்தவர்கள், நாக்கு எரிந்ததுதான் மிச்சம் என்று போத்தலை ஓரங்கட்டிவிடுகிறார்கள். வைன் மீது குற்றமில்லை. மணத்துக்கு ஏற்ற வைனைக் காரத்தோடு மோதவிட்டதுதான் தவறு.

பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். ஜெர்மன் மொழியில் ‘கெவூர்ட்ஸ்’ என்றால் மசாலாப் பொருள். ‘ட்ராமினர்’ என்றால் ட்ராமின் ஊரைச் சேர்ந்தது என்று பொருள். இத்தாலியின் வடகோடியில், ஜெர்மன் பேசும் மக்கள் வாழும் தென் டிரோல் மலைப்பகுதியில் அந்தச் சிற்றூர் இருக்கிறது. கடையில் ‘கெவூர்ட்ஸ்’ என்று சுருக்கிக் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

பழத்தின் குணம்

வெள்ளை வைனாக இருந்தாலும் இதன் பழம் பச்சை நிறத்தில் இருக்காது. சவான்யான் என்னும் பழமையான திராட்சை வகையில் இயல்பாக நேர்ந்த மரபணு மாறுதல்களால் தோன்றிய கொடி இது. சிறு கொத்துகளாகக் காய்த்து, பழுக்கும்போது ஜம்பு பழத்தைப் போல இளஞ்சிவப்பாக மாறும். பிழிந்த சாற்றைத் தோலிலிருந்து விரைவில் பிரித்துவிடுவதால் வைன் சிவப்பதில்லை. ஆனால் மற்ற வெள்ளை வைன்களைவிடச் சற்று அடர்ந்த பொன்னிறமாக, சில வேளைகளில் செம்பின் சாயலோடு கிளாஸில் நிற்கும். தோலிலிருந்து இறங்கும் மெல்லிய கசப்பு ஒன்று, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் தங்கும். அதைக் கெட்டுப்போனதன் அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது.

மணம்தான் இதன் பெருமை. சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் பெரியம்மா என் கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுல சிராப் கலந்திட்டியா?” என்று கேட்டார். “இல்ல பெரியம்மா, திராட்சையிலயே அந்த வாசம் இருக்கு” என்று சொன்னதை அவர் நம்பவில்லை. பெரியம்மாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. பண்டுங் என்னும் ரோஜாப் பால் பானத்தில் ஊற்றும் சிராப்பின் வாசமும், டின்னைத் திறந்தவுடன் எழும் லைச்சியின் வாசமும் கெவூர்ட்ஸில் சேர்ந்தே வருகின்றன. இது வெறும் கற்பனை ஒப்புமையும் அன்று. ரோஸ் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் ரோஜா எண்ணெயிலும் லைச்சிப் பழத்திலும் இந்தத் திராட்சையிலும் உண்மையாகவே இருக்கிறது. லைச்சிக்கும் கெவூர்ட்ஸுக்கும் பொதுவான மணப்பொருள்கள் பல உள்ளன என்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ரோஜாவுக்கும் லைச்சிக்கும் பின்னால் இஞ்சி, கிராம்பு, சில வேளைகளில் ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் சாயல்கள் மெல்ல வரும். ஐரோப்பியர் பலர் லைச்சியை டின்னில்தான் அறிவார்கள். அதைக் கொத்தோடு வாங்கித் தோலுரித்துத் தின்று வளர்ந்த நமக்கு இந்த வைனின் மணத்தை இனங்காணப் பயிற்சியே தேவையில்லை என்பது என் கட்சி.

இத்தனை மணத்துக்கும் ஒரு விலை உண்டு. இந்தப் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். ஏறிய சர்க்கரை நொதித்து மதுச்சாரமாக மாறுவதால் 13, 14 விழுக்காடு என்பது இதற்கு இயல்பான அளவு. புளிப்பு குறைந்திருப்பதால் வாயில் எண்ணெய் தடவியது போன்ற கனம் தெரியும். வெயில் கடுமையான நாடுகளில் மணம் திரள்வதற்குள் புளிப்பு முழுவதும் போய்விடும் என்பதால் குளிர்ந்த இடங்களில்தான் இது சிறக்கிறது. பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள அல்சாஸ் இதற்குப் பேர்போன பகுதி. மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அங்குள்ள கொல்மார் நகரம் பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. இலையுதிர் காலம் நீண்டு, வெயிலும் குளிரும் சேர்ந்து நிற்கும்போது பழம் அவசரமின்றி முதிர்கிறது.

கடையில் போத்தலைப் படிப்பது

முதலில் இனிப்பைத் தீர்மானியுங்கள், பிறகு நாட்டைப் பாருங்கள். கெவூர்ட்ஸ் வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே பெயரில், ஒரே வடிவிலான ஒல்லிப் போத்தலில், இனிப்பே இல்லாத வைனும் தேன் போன்ற வைனும் அடுத்தடுத்து நிற்கும். அல்சாஸ் வைன்களுக்கு 2021ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து இனிப்பின் அளவைப் போத்தலில் குறிப்பிடுவது கட்டாயமாகிவிட்டதால் இப்போது வேலை எளிது. ‘செக்’ என்றால் லிட்டருக்குப் பொதுவாக 4 கிராம் வரை சர்க்கரை, அதாவது ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சீனி, நாக்குக்குத் தெரியாது. ‘டெமி-செக்’ 4 முதல் 12 கிராம் வரை. ‘ம்வாலே’ 12 முதல் 45 வரை. அதற்கு மேல் ‘டூ’. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு என் தேர்வு டெமி-செக், அல்லது ம்வாலேயின் கீழ்ப்படியில் உள்ளவை. அதற்கான காரணத்தைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அதே அல்சாஸில் பழத்தைக் கொடியிலேயே நெடுநாள் விட்டு, தாமதமாகப் பறித்துச் செய்வதை ‘வான்டான்ஜ் தார்டிவ்’ என்பார்கள். பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை படிந்து வற்றிய பழங்களை மட்டும் பொறுக்கிச் செய்வது ‘செலெக்ஸியோன் தெ க்ரேன் நோப்ள்’. இவை இரண்டும் விலை கூடியவை. விருந்தின் முடிவில் சிறு கிளாஸில் கொடுக்க வேண்டியவை. ‘க்ரான் க்ரூ’ என்று இருந்தால் சட்டப்படி அடையாளம் காணப்பட்ட 51 தோட்டப்பகுதிகளில் ஒன்றிலிருந்து வந்தது என்று பொருள். அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இனிப்பை ஊகிக்க முடியாது.

ஜெர்மன் எழுத்துமுறையில் இந்தப் பெயரின் நடுவில் உள்ள யு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இருக்கும், அல்சாஸ் போத்தல்களில் பெரும்பாலும் இருக்காது. புள்ளியோடு ஓர் இத்தாலியப் போத்தலைக் கண்டால் அது தென் டிரோலிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். அந்தப் பகுதியினர் இனிப்பைக் குறைத்துக் கூர்மையாகச் செய்வார்கள். நியூசிலாந்தின் கிஸ்போர்ன் பகுதியும் கெவூர்ட்ஸுக்குப் பெயர் பெற்றது. நியூசிலாந்துப் போத்தல்களில் திருகு மூடி இருப்பதால் நம் ஊர் வெப்பத்தில் கார்க் சுருங்குவது, கசிவது போன்ற தொல்லைகள் இல்லை. முதன்முறை வாங்குபவர்கள் திருகு மூடியோடு தொடங்கலாம். ஆண்டைப் பொறுத்தவரை, இனிப்பு அதிகமுள்ள உயர்தர வகைகளைத் தவிர மற்றவற்றை அறுவடையிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. புளிப்புக் குறைந்த வைன் நெடுநாள் தாங்காது.

எடுக்கும்முன் போத்தலைத் தூக்கிப் பாருங்கள். கார்க் வாய்விளிம்பைத் தாண்டி மேலே தள்ளப்பட்டிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பான கறை இருந்தாலோ, அது எங்கோ வெப்பத்தில் வாடியிருக்கிறது என்று பொருள். கண்ணாடிச் சுவரோரம் வெயில் படும்படி நிறுத்திய போத்தலைக் கழிவு விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மலேசியாவில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமுகமாக இருப்பவர்கள் அடையாள அட்டையான மைகார்டை மறக்காமல் கொண்டுபோகலாம்.

வாங்கிய பின் நேரே வீட்டுக்கு வாருங்கள். ஒருமுறை நான் ஒரு நல்ல போத்தலைக் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு, பாயான் லெப்பாஸில் ஓர் உறவினர் வீட்டில் மதியச் சாப்பாடு முடித்து, கதை பேசி, நான்கு மணி வாக்கில்தான் கிளம்பினேன். அன்றிரவு திறந்தபோது ரோஜாவும் இல்லை, லைச்சியும் இல்லை. வேகவைத்த ஆப்பிளின் வாடைதான் இருந்தது. மணத்துக்காகவே வாங்கும் வைனில் மணம் போனால் மிச்சமிருப்பது மதுச்சாரமும் கசப்பும்தான். வீட்டில் வைன் அலமாரி இல்லாதவர்கள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். சமையலறை மேல்தட்டும் குளிர்சாதனப் பெட்டியின் தலையும் இதற்குக் கூடாத இடங்கள்.

குளிர்விப்பது

நம் ஊரில் கெவூர்ட்ஸை வாழவைப்பதும் கெடுப்பதும் வெப்பநிலைதான். 8 முதல் 10 பாகை செல்சியஸில் இது மிகச் சரியாக இருக்கும், நல்ல க்ரான் க்ரூவாக இருந்தால் 12 வரை போகலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைன் ஏறத்தாழ 4 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் உறங்கிவிடும், கசப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். மாறாக 15 பாகையைத் தாண்டிவிட்டால் மதுச்சாரம் மூக்கில் குத்தும், இனிப்பு திகட்டும், புளிப்பு இல்லாத குறை அப்பட்டமாகத் தெரியும். அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்று ஐரோப்பிய நூல்கள் சில வைன்களுக்குச் சொல்வதை நம் 30 பாகை வரவேற்பறைக்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

ஆகவே, முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த போத்தலைப் பரிமாறுவதற்குப் பத்து பதினைந்து நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். நேரமில்லை என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டுப் போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் இருபது நிமிடத்தில் ஆகிவிடும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நிறுத்தினால் காற்றிடைவெளிதான் மிஞ்சும், குளிர் ஏறாது, தண்ணீர் அவசியம். ஃப்ரீசரில் வைத்து மறந்துபோனால் கார்க் பிதுங்கும், சில வேளை போத்தல் வெடிக்கும். கிளாஸில் ஐஸ் போடுவதை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் போட்டுக் குடிக்கும் மாமாவோடு சண்டை போடுவதும் இல்லை.

பரிமாறத் தொடங்கிய பிறகுதான் உண்மையான போராட்டம். விசிறி ஓடும் அறையில் கிளாஸில் உள்ள வைன் பத்தே நிமிடத்தில் இதமான சூட்டுக்கு வந்துவிடும். எனவே கால்கிளாஸ் அளவே, ஏறத்தாழ 70 மில்லி, ஊற்றி, போத்தலை வாளிக்கே திருப்பி அனுப்புங்கள். கிளாஸைத் தண்டைப் பிடித்தே தூக்க வேண்டும். வாய் சற்றுக் குறுகி வயிறு பருத்த, துலிப் மொட்டு வடிவக் கிளாஸ் மணத்தைத் தேக்கிவைக்கும். தண்ணீர் குடிக்கும் தம்ளரில் ஊற்றினால் மணம் மேசைக்கே போய்விடும். போத்தல் வியர்த்துக் கொட்டும் என்பதால் அடியில் ஒரு துண்டு விரிப்பது மேசைத்துணியைக் காப்பாற்றும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. தீபாவளிக் காலையில் சாம்பிராணி போட்டிருப்போம், கூடத்தில் ஊதுபத்தி எரியும், வந்திருக்கும் பெண்கள் தலையில் மல்லிகைச் சரம் இருக்கும். இவற்றுக்கு நடுவே எந்த வைனின் மணமும் எடுபடாது. பூவைக் கழற்றச் சொல்ல முடியாது, கூடாது. ஆனால் வைன் மேசையைச் சாமி அறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள பின்கட்டில் போடலாம். பருவகாலத்தில் பாலிக் பூலாவ் டுரியான் வீட்டுக்குள் வந்துவிட்டால் அன்றைக்கு இந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

எந்தச் சாப்பாட்டோடு

மிளகாயில் உள்ள காப்சைசின், உடல் சூட்டை உணரும் ஒரு நரம்பு ஏற்பியைத் தூண்டுவதால்தான் நாக்கு எரிகிறது. மதுச்சாரம் அதே ஏற்பியை இன்னும் எளிதில் தூண்டப்படும்படி செய்துவிடுகிறது. ஆகவே 14 விழுக்காடு மதுச்சாரமுள்ள, இனிப்பற்ற கெவூர்ட்ஸைச் சிலி பாடி சம்பலோடு குடிப்பது எரியும் இடத்தில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். எரிச்சலைத் தணிப்பது இனிப்பும் குளிர்ச்சியும்தான். டெமி-செக்கை நான் முன்னே சொன்னதற்குக் காரணம் இதுவே. மிதமான காரத்துக்கு அது ஈடுகொடுக்கும், கடுங்காரத்துக்கு எந்தக் கெவூர்ட்ஸும் ஈடுகொடுக்காது. அங்கே மோரோ இளநீரோ குடிப்பதுதான் அறிவு.

இரண்டாவது எதிரி புளி. இந்த வைனில் புளிப்பு குறைவு என்பதால், தட்டில் புளிப்பு மிகுந்தால் கிளாஸில் உள்ளது சப்பென்று ஆகிவிடும். பினாங்கு ஆசாம் லக்சா, புளி ஊற்றிய மீன் கறி, ரசம், எலுமிச்சை ஊறுகாய் ஆகியவற்றை விலக்குங்கள். ஆசாம் லக்சாவில் நறுக்கிப் போடும் புங்கா கண்டான் பூவின் மணம் கெவூர்ட்ஸோடு உறவாடும் என்று ஆசைப்பட்டு நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். பூ சம்மதித்தது, புளி சம்மதிக்கவில்லை.

இனி, சேர்பவை. தேங்காய்ப்பாலும் மணமசாலாவும் கூடும் இடமெல்லாம் கெவூர்ட்ஸின் சொந்த வீடு. பட்டை, ஏலக்காய், சோம்பு போட்டுத் தேங்காய் அரைத்து ஊற்றிய கோழிக் குருமா, மஞ்சளும் இஞ்சியும் மணக்கும் மீன் சொதி, பன்னீர் தெளித்த ஆட்டிறைச்சி பிரியாணி ஆகியவை முதல் வரிசை. பிரியாணியின் பன்னீரும் வைனின் ரோஜாவும் வாயில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதை ஒரு கவளம், ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கவளத்தை விழுங்கிய பிறகு மடக்கு குடியுங்கள், இரண்டையும் வாயில் கலக்காதீர்கள். பினாங்கு நியோன்யா சமையலில் தேங்காய்ப்பாலும் முட்டையும் மீனும் சேர்த்து இலையில் வேகவைக்கும் ஓத்தாக்-ஓத்தாக், சீனர் கடை வாத்து வறுவல், இஞ்சி போட்ட நண்டு ஆகியவையும் நன்றாகச் சேரும். ஆட்டிறைச்சிப் பிரட்டலில் காய்ந்த மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கூட்டினால் அதுவும் இந்த வரிசைக்கு வந்துவிடும். சைவ வீடுகளில் முந்திரி அரைத்த காளான் குருமா போதும். கொறிப்பதற்கு முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த முந்திரியும் எடுத்துக்கொள்ளலாம். உப்பு இந்த வைனின் கசப்பை அடக்கும்.

அல்சாஸில் மன்ஸ்டர் என்னும் கடுநாற்றப் பாலாடைக்கட்டியோடு இதைக் குடிப்பது மரபு. நாற்றத்தை மணத்தால் எதிர்கொள்ளும் அந்தத் துணிச்சல் பெலாச்சான் என்னும் நாறும் இறால் விழுதைத் தின்னும் நமக்குப் புதிதன்று.

இனிப்புப் பலகாரம் என்று வந்தால் ஒரே விதி: வைன் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். குலாப் ஜாமூனை வெல்லும் வைன் கிடையாது. நெய்யுருண்டையும் அப்படித்தான். வான்டான்ஜ் தார்டிவ் கையில் இருந்தால் பலகாரத் தட்டையே ஒதுக்கிவிட்டு, உரித்த லைச்சியையோ ரம்புத்தானையோ குளிரவைத்து அதன் அருகில் வையுங்கள்.

விருந்தில் வரிசை

ஒன்றுக்கு மேற்பட்ட வைன் இருந்தால் கெவூர்ட்ஸைக் கடைசியில் திறக்க வேண்டும். இதன் மணத்துக்குப் பிறகு மென்மையான வெள்ளை வைன் எதைக் குடித்தாலும் தண்ணீராகத்தான் தோன்றும். 750 மில்லி போத்தலில் 70 மில்லியாக ஊற்றினால் பத்துப் பேருக்கு ஒரு சுற்று வரும். மதுச்சாரம் கூடிய வைன் என்பதால் இரண்டு சுற்றுக்கு மேல் யாரையும் வற்புறுத்த வேண்டாம். மலேசியச் சட்டம் 2020இல் கடுமையாக்கப்பட்டு, 100 மில்லி இரத்தத்தில் மதுச்சாரம் 80 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற வரம்பு 50ஆகக் குறைக்கப்பட்டது. காரோட்டுபவருக்குப் பண்டுங் கொடுத்துவிடுவது உத்தமம். முஸ்லிம் நண்பர்கள் வரும் நேரத்தில் போத்தலும் கிளாஸும் அவர்கள் சாப்பிடும் மேசைக்கு வரக் கூடாது. அதேபோல், கெவூர்ட்ஸுக்குத் தமிழ் முஸ்லிம் கடைகளின் நாசி கண்டார் குழம்பு பொருத்தமா என்று சோதிக்க விரும்புபவர்கள் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோதிக்க வேண்டும், கடைக்குப் போத்தலைத் தூக்கிப் போகக் கூடாது.

மீந்ததை மூடி, நிமிர்த்தி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். மறுநாள் ரோஜா சற்று அடங்கி இஞ்சியும் கிராம்பும் மேலே வந்திருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. நான்காம் நாள் மிஞ்சியிருந்தால், சிவப்பு மீன் துண்டுகளின் மேல் இஞ்சி நறுக்கிப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வைனைத் தெளித்து, மூடி வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள்.